இரண்டு சர்வர், ஒரு நாஸ்: என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கசியா?

ஆந்திர எல்லையோரக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டு பிராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) சர்வரும் ஒரு நாஸும் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) வைத்திருக்கும் நடுத்தர ஆலைக்கு, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறையான என்எஃப்எஸ்ஸே என் தேர்வு. ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கை கியூகவ்2 வகைக் கோப்பாக வைத்தால் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேர நிலையின் பதிவு) கிடைக்கும். ஆனால் நாஸில் எக்ஸ்போர்ட்டை (ஃபோல்டரைப் பகிரும் அமைப்பை) 'அசின்க்'கில் விடவே விடாதீர்கள். டிஸ்க்கில் எழுதும் முன்பே 'எழுதியாச்சு' என்று நாஸ் பதில் சொல்லிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் டேலி டேட்டா கெட்டுவிடும். நாஸுக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

ஐஸ்கசி நெட்வொர்க் வழியே தருவது ஃபோல்டர் அல்ல, வெறும் பிளாக் டிஸ்க். அதில் இஎக்ஸ்டி4 போட்டு இரண்டு சர்வரிலும் மவுண்ட் செய்தால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். அந்த டிஸ்க்கின் மேல், இரண்டு சர்வரும் பகிரும் எல்விஎம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் வசதி) வேண்டும். எல்விஎம்-தின் (இடத்தைத் தேவைக்கேற்ப ஒதுக்கும் வகை) ஒரு சர்வருக்கு மட்டுமே, பகிர முடியாது. ஐஸ்கசியின் பலம் மல்டிபாத், அதாவது ஒரே டிஸ்க்குக்குப் பல வழிகள்: இரண்டு சுவிட்ச், இரண்டு சப்நெட் (தனித்தனி நெட்வொர்க் பிரிவு). ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை ஓடும். பெரிய டேட்டாபேஸ் இருந்தால் இந்த உழைப்பு தகும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 9000 வைத்தால் வழியிலுள்ள எல்லா போர்ட்டிலும் வையுங்கள். ஒன்று 1500இல் நின்றால் சாதாரண பிங் (சோதனைப் பாக்கெட்) போகும், பெரிய ரைட் தொங்கும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்பினால் தெரிந்துவிடும்.