டிஸ்க்கா, எம்ஐசியா? சிறுநீர்த் தொற்றுக் கிருமிக்கு எந்தச் சோதனை

சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வளர்ந்துவிட்டது. அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்க ஆய்வகத்தில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன: டிஸ்க் முறை, பிராத் மைக்ரோடைல்யூஷன்.

டிஸ்க் முறையை 1966-இல் பாவர், கிர்பி குழுவினர் ஒழுங்குபடுத்தினார்கள். கிருமி வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகார் (கூழ்) தட்டில் கிருமிக் கரைசலைப் பூசி, மருந்து ஏற்றிய வட்டுகளை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் விட்டால் வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் விழும். அதன் விட்டம்தான் விடை. செலவு குறைவு. தட்டில் வேறொரு கிருமி கலந்திருந்தாலும் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். இதற்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும். செஃபோடாக்சைம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் இஎஸ்பிஎல் நொதியையும் இதிலேயே பிடிக்கலாம்: செஃபோடாக்சைம் வட்டைவிட, அந்த நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வட்டின் வளையம் 5 மி.மீ.யாவது பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் அகார் 4 மி.மீ. தடிமனைத் தாண்டினால் வளையம் சுருங்கி, நல்ல மருந்தும் வேலைக்காகாதது போலத் தெரியும்.

பிராத் மைக்ரோடைல்யூஷனில் கிருமியைத் திரவத்தில், சின்னச் சின்னக் குழிகளில் வளர்ப்பார்கள்; குழிக்குக் குழி மருந்தின் அளவு இரட்டிப்பாகும். கிருமி வளராத மிகக் குறைந்த அளவுதான் எம்ஐசி. எண்ணாகக் கிடைப்பது பெரிய வசதி. அதே எண்தான் பலரைக் குழப்பவும் செய்கிறது. எம்ஐசி சிறியதாக உள்ள மருந்தே வலுவானது என்று தேர்ந்தெடுப்பது தவறு, ‘கேட்கும்’, ‘கேட்காது’ என்று பிரிக்கும் வரம்பு ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. எம்ஐசி ஒரு படி (ஒரு குழி) ஏறி இறங்குவதும் சோதனையின் இயல்பான ஊசலாட்டமே.

சரி, எதைத் தேர்வது? அன்றாட மாதிரிகளுக்கு, ஒழுங்காகச் செய்த டிஸ்க் போதும் என்பேன். கொலிஸ்டின் என்றால் பேச்சே இல்லை, மைக்ரோடைல்யூஷன்தான். அதன் பெரிய மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவாது; வளையத்தை நம்பினால் எதிர்ப்புள்ள கிருமி தப்பிவிடும். எதிர்ப்பு முற்றிய கிருமிக்குக் கடைசி மருந்தாக அதைக் கொடுக்கும்போது அந்தப் பிழை உயிரோடு விளையாடுவது.

நைட்ரோஃபுரான்டாயின் என்ற சிறுநீர்த் தொற்று மருந்தில் எந்த முறையும் சொல்லாத ஒன்று உண்டு. மருந்து சிறுநீர்ப்பையில்தான் சேரும். ரிப்போர்ட்டில் ‘கேட்கும்’ என்று வந்தாலும் சிறுநீரகத் தொற்றுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் ஃபாஸ்ஃபோமைசின், இதுவும் சிறுநீர்த் தொற்று மருந்துதான். இதற்கு மைக்ரோடைல்யூஷன் ஒத்துவராது. அகாரிலேயே மருந்தைக் கலந்து பார்ப்பதுதான் மற்ற முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை முறை. கூடவே குளுக்கோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை வேண்டும், அது இருந்தால்தான் மருந்து கிருமிக்குள் நுழையும் வாசல் நன்றாகத் திறக்கும். ஈ.கோலைக்கு அந்தச் சர்க்கரை சேர்த்த வட்டு இருக்கிறது. அதே அளவுகோலைக் கிளெப்சியெல்லா என்ற இன்னொரு கிருமிக்கு வைத்துப் படிக்காதீர்கள். மருந்தைச் சிதைக்கும் ஃபாஸ்-ஏ மரபணு அதில் பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கிறது.