மரநார்ப் பலகைக்குள் பசையைத் தேட வெர்சா 520 போதுமா?

ஜைஸ் எக்ஸ்ரேடியா வெர்சா 520, ஆய்வகத்திலேயே வைத்து இயக்கும் எக்ஸ்ரே நுண்ணோக்கி. 0.7 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. எம்.டி.எஃப். எனும் மரநார்ப் பலகைக்குள் நார்கள் எப்படிப் படிந்திருக்கின்றன, எங்கே வெற்றிடம் என்று பார்க்க அருமையான கருவி. பசை என்று வரும்போதுதான் சிக்கல், அதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

பசையாகப் பயன்படும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசினும் மரமும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜனால் ஆனவை. படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறம். அயோடின் எக்ஸ்ரேயை அதிகம் உறிஞ்சுவதால் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆகவே ரெசின் காய்ச்சும்போதே ஃபீனாலில் ஒரு பங்குக்குப் பதிலாக அயோடோஃபீனால் சேர்க்க வேண்டும். பொட்டாசியம் அயோடைடைக் கரைத்துக் கலந்தால் செலவு குறைவுதான். ஆனால் அந்த உப்பு தண்ணீரோடு ஓடி, பசை எட்டாத செல்சுவருக்குள்ளும் (மரச் செல்லின் சுவர்) ஊறிவிடும். பசை ஆழமாக இறங்கியதாகத் தவறாகப் படிப்போம். எம்.டி.எஃப். ஆலைகளில் பெரும்பாலும் ஓடும் யூரியா பசையில் ஃபீனால் இல்லாததால் அதற்கு இந்த அயோடோஃபீனால் வழி உதவாது.

மாதிரியை 1 மி.மீ.க்குள் குச்சியாக, புது பிளேடால் சீவுங்கள். ரம்பம் நாரை நசுக்கிவிடும். ஸ்கேன் நடக்கும் அறையிலேயே ஒரு நாள் கிடக்கட்டும். ஈரப்பதம் மாறினால் ஸ்கேன் நடுவே குச்சி அசைந்து படம் கலங்கும். பலகையின் மேற்பரப்பு அடர்த்தி வேறு, நடுப்பகுதி அடர்த்தி வேறு என்பதால் இரண்டிலிருந்தும் பல குச்சிகள் தேவை. 4எக்ஸ் லென்ஸ், 50 கிலோவோல்ட், 1 மைக்ரான் வாக்ஸெல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனக்கட்டம்), குச்சியைச் சுழற்றி 1,600 படங்கள், படத்துக்கு 10 விநாடி என்று வைத்தால் ஒரு குச்சிக்கே சுமார் நாலரை மணி நேரம் ஆகும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. நாரின் விளிம்பில் எக்ஸ்ரே விலகுவதால் வெள்ளைக் கோடு விழும். மென்பொருள் அதையும் பசை என்று எண்ணும். அயோடின் சேர்க்காத அதே ரெசினில் செய்த பலகையை அதே அமைப்பில் ஸ்கேன் செய்து, அதில் 'பசை' ஏறக்குறைய பூஜ்யமாகும் சாம்பல் அளவையே எல்லைக்கோடாக வையுங்கள். வாக்ஸெலைவிட மெல்லிய பசைப்படலம் எப்படியும் தப்பிவிடும். கலந்த ரெசின் எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு தப்பியது என்று தோராயமாகப் பிடிபடும்.

ப்ளைவுட், பார்ட்டிகல் போர்டு ஆகியவற்றில் மரத் துண்டுகளுக்கு இடையிலான பசைக்கோட்டைப் பார்க்க இந்தக் கருவியே போதும். செல்சுவருக்குள் பசை புகுந்ததா என்ற கேள்விக்குப் போதாது; அதற்கு சின்க்ரோட்ரான் எனும் பெரிய துகள்முடுக்கி தரும் தீவிர எக்ஸ்ரேயில் இயங்கும் எக்ஸ்ரே ஒளிர்வு நுண்ணோக்கிதான் (தனிமங்கள் உமிழும் எக்ஸ்ரேயை வைத்து அவற்றைக் கண்டறிவது) வேண்டும். அமெரிக்காவின் மேடிசனிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தார் ரெசினில் புரோமின் பிணைத்து, ஆர்கான் ஆய்வகத்தின் சின்க்ரோட்ரானில் அந்த வழியில்தான் பார்த்தார்கள்.