கிவி வெள்ளி நாணயம்: செவ்வாய்ப்பேட்டைத் தராசில் ஒரு மதிப்பீடு

நியூசிலாந்து அஞ்சல் நிறுவனம் சேகரிப்பாளர்களுக்காக வெளியிடும் கிவி வெள்ளி நாணயத்தில் இருப்பது ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 999 தர வெள்ளி. முகமதிப்பு ஒரு நியூசிலாந்து டாலர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான வெள்ளிப் பட்டறையில் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்துத் தராசில் வைத்தபோது எடை சரியாகவே நின்றது. ஆனால், கொலுசு வெள்ளிக்கு டச், அதாவது தூய்மை அளவு, பார்த்தே பழகிய அந்த ஆசாரி, உருக்கினால் கட்டி வெள்ளியின் விலைதான் வரும் என்று சொல்லிவிட்டார். நான் கொடுத்த விலையோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். வெள்ளியில் பணம் போட நினைப்பவருக்கு இது ஏற்றதன்று.

வேலைப்பாடு வேறு கதை. ப்ரூஃப் முறையில், மெருகேற்றிய அச்சைக் கொண்டு அடிக்கப்பட்டிருப்பதால், பின்புலம் கண்ணாடிபோல் மின்ன, கிவிப் பறவை மட்டும் வெண்மையாகப் பனி பூத்தாற்போல் எழுந்து நிற்கிறது. கிவியின் இறகுகள் மயிர் போன்றவை என்பதால் செதுக்குபவருக்கு அவை பெரிய சோதனை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியே தெரிகிறது. அலகின் நுனியில் மூக்குத்துளையும், அடியில் மீசை போன்ற மயிர்களும் கொண்ட அந்தப் பறவையின் முகத்தில் அலகின் வளைவு மிகச் சரியாக அமைந்திருக்கிறது. என்னிடமுள்ள நாணயத்தின் மறுபக்கத்தில் உள்ள எலிசபெத் அரசியின் முகம் வழக்கமானதே. நியூசிலாந்தில் அரசு நாணயச்சாலை கிடையாது, வெளிநாட்டில்தான் அடித்து வாங்குகிறார்கள் என்பது, இந்திய நாணயங்களுக்கான வில்லைகளை வெட்டிக் கொடுத்த உருக்காலை இருக்கும் ஊர்க்காரனான எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

குறை விற்றவரிடம்தான். அந்த இணைய வணிகர் சான்றிதழ் அட்டையை அனுப்பாமல் விட்டு, பலமுறை கேட்ட பிறகே, மூலை மடங்கிய நிலையில் அனுப்பிவைத்தார். அட்டையும் பெட்டியும் இல்லாத நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்தே கேட்பார்கள் என்பதால், பணம் கட்டுமுன் அவற்றின் படத்தையும் கேட்டுப் பெறுவது அவசியம்.

வீட்டு வெள்ளியைத் திருநீற்றால் துலக்கும் வழக்கத்தை இதனிடம் காட்டவே கூடாது. ஒரு தேய்ப்பிலேயே கண்ணாடிப் பரப்பு கீறிவிடும். ஏற்காட்டைப் போல ஈரம் மிகுந்த இடத்தில் இருப்பவர்கள் நாணயத்தை மூடிய பிளாஸ்டிக் குப்பிக்குள்ளேயே விட்டு, பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டுவைத்தால் கறுப்பது குறையும்.