ஊர் ஆம்புலன்ஸுக்குக் கொடுக்கப்போன பணம்

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், ஆம்புலன்ஸ் அறக்கட்டளைக்காக ஊரே சேர்ந்து நிதி திரட்டிய நாளன்று, நான் நீட்டிய பணத்தை மட்டும் பொருளாளர் வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பயணத்தில் வங்கி, தாலுகா அலுவலகம், பத்திரப்பதிவு என்று பல இடங்களுக்குப் போய் வந்தேன். அங்கே வேலைகள் குறையின்றி நடந்தன, எழுதுவதற்கு ஒன்றுமில்லை. திருப்பித் தரப்பட்ட அந்தப் பணத்தைப் பற்றித்தான் நான் வாழும் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக்குத் திரும்பிய பின்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

108 இருக்கும்போது ஊருக்கென்று தனியாக ஓர் ஆம்புலன்ஸ் எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை நம் மாநிலத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிரசவம் முடிந்த தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கு 102 இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளத் திருப்பூருக்கோ கோவைக்கோ போக வேண்டிய சிறுநீரக நோயாளியையும், இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்த நிலையிலேயே வீடு திரும்ப வேண்டிய பாட்டியையும், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டவரையும் 108 ஏற்றிச் செல்லாது. அவசரத்துக்கென்று ஏற்பட்ட சேவையிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. தனியார் ஊர்தியை வாடகைக்கு அமர்த்தினால், நூறு நாள் வேலைக்குப் போகும் குடும்பத்தின் சேமிப்பு ஒரே நடையில் கரைந்துவிடும். அந்த இடைவெளியைத்தான் எங்கள் ஊர் வண்டி நிரப்புகிறது. டீசலுக்கு முடிந்தவர் கொடுக்கலாம், முடியாதவரிடம் கேட்பதில்லை.

சிறு வயதில் கோயில் நோம்பிக்கு வரி வசூலித்தது போல வீடு வீடாக நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள் என்று எண்ணியிருந்தேன். அன்று காலை கடைவீதிக்குச் செல்ல மினி பஸ்ஸில் ஏறியபோதுதான் நடைமுறை மாறிவிட்டது தெரிந்தது. நடத்துநரின் தோளில் தோல்பை இல்லை. கையில் சிவப்புத் துணி கட்டிய பிளாஸ்டிக் வாளி இருந்தது. டிக்கெட் கிடையாது, மனம்போல் போடலாம், அன்றைய வசூல் முழுவதும் ஆம்புலன்ஸுக்கு என்றார். அரசு நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வழித்தடத்திலும் அந்தப் பேருந்து வருகிறது. அப்படியிருந்தும் அன்று தறிப்பட்டறைக்குப் போகும் பெண்கள் கட்டணமில்லாத பேருந்தை விட்டுவிட்டு, இந்த மினி பஸ்ஸுக்காகக் காத்திருந்து ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்திருந்த ஐம்பது ரூபாய்த் தாளை வாளியில் போட்ட ஓர் அம்மா, "எங்கூட்டுக்காரரைக் கடைசில ஊட்டுக்குக் கொண்டாந்து சேத்ததே அந்த வண்டிதானுங்க" என்று யாரிடமென்றில்லாமல் சொன்னார்.

பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வகுப்பறையிலிருந்து எடுத்துவந்த கரும்பலகை. அதில் வரவு ஒரு பக்கம், சென்ற ஆண்டின் செலவு மறுபக்கம். டீசல், ஓட்டுநர் சம்பளம், காப்பீடு, டயர், ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பியது, ஸ்ட்ரெச்சரின் சக்கரம் மாற்றியது வரை தனித்தனியாக எழுதியிருந்தார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள் என்று கீழே ஒரு வரி. கைப்பேசியில் யாரேனும் பணம் அனுப்பும்போதெல்லாம் மேசை மீதிருந்த ஒலிப்பெட்டி தொகையைத் தமிழில் அறிவித்தது. பத்து ரூபாய் கொடுத்த பள்ளிச் சிறுவனுக்கும் பெயர் கேட்டு, கார்பன் தாள் வைத்து எழுதி, முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள். அவன் அதை மடிக்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு போனான். இங்கே இங்கிலாந்தில் முத்திரையிட்ட உண்டியலில் காசு போடுகிறோம். அதன் கணக்கு பிற்பாடு அறிக்கையில் வரும், விரும்பினால் இணையத்தில் தேடிப் படிக்கலாம். கொடுத்தவரின் எதிரிலேயே கணக்கு எழுதப்படுவதை நான் பார்த்தது எங்கள் ஊரில்தான்.

பொருளாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் அண்ணனுக்குப் பாடம் நடத்தியவர். நான் பையிலிருந்து பணக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்ததும், எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

"தம்பி, உங்க பாஸ்போர்ட் இப்ப எந்த நாட்டுதுங்க?"

"பிரிட்டிஷ்தானுங்க ஐயா. ஓசிஐ அட்டை வச்சிருக்கறனுங்க" என்றேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை அது.

"அப்ப இதை நாங்க வாங்க முடியாதுங்க தம்பி. நம்ம ரூபாயாவே இருந்தாலும் சட்டப்படி இது வெளிநாட்டுப் பணந்தானுங்க."

பணத்தை எண்ணவும் இல்லை. விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளினார். பக்கத்தில் நின்ற என் பெரியப்பா மகன், "எம்பேர்ல எழுதிக்குங்க வாத்தியாரே, யாரு கேக்கப்போறா?" என்றார். அதற்கு அவர் சொன்ன பதில்: "நீ உங்காசைக் குடு, உம்பேர்ல ரசீது போடறேன். தம்பி காசை உம்பேர்ல எழுதுனா அது பொய்க் கணக்கு. இந்தப் புத்தகத்துல ஒரு பொய் எழுதிட்டா அப்புறம் மத்த பக்கத்தை யாரு நம்புவா?"

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குச் செய்தியாகத் தெரியும். அது நம் கையிலிருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாளையும் தொடும் என்பது தெரியாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நிய நாட்டுக் குடிமகன் கொடுக்கும் நன்கொடை அவர் எந்த வம்சாவளியினராயினும், எந்த நாணயத்தில் கொடுத்தாலும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். ஓசிஐ அட்டை அதை மாற்றாது. அதைப் பெற வேண்டுமானால் அறக்கட்டளை உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், அத்தகைய பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். காங்கேயம் காளை பூட்டிய வண்டியில் நெல் மூட்டை ஏறிய தெருவில் பிறந்த ஒருவன், அதே தெருவில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு டீசல் வாங்கித் தரத் தில்லி வரை சுற்ற வேண்டியிருக்கிறது என்பதை அந்த மேசையின் முன் நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாழும் டெவனில் 1992 முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவை ஒன்று நடக்கிறது. விபத்தில் மகனை இழந்த ஒரு தாயின் முயற்சியில் தொடங்கிய அறக்கட்டளை அது. இங்கிலாந்தில் தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் அரசு மருத்துவ சேவையைச் சேர்ந்தது. வானில் பறப்பவற்றுள் பெரும்பாலானவை, 1987-இல் கார்ன்வாலில் தொடங்கிய முதல் சேவை உட்பட, பொதுமக்களின் நன்கொடையால் பறப்பவை. இங்கே வந்த புதிதில், இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்த காலத்திலேயே, கடைவாசலில் கொடுத்த படிவத்தில் நான் வருமான வரி செலுத்துபவன் என்று ஒரு கட்டத்தில் குறியிட்டேன். நான் கொடுத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு தன் பங்காக 25 பென்ஸ் சேர்த்துக் கொடுத்தது. நீ எந்த நாட்டுக் குடிமகன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்நிய மண்ணில் அந்நியனாக இருந்தபோது என் காசு செல்லுபடியாயிற்று. பிறந்த மண்ணில் அதே கை நீட்டிய காசு திரும்பி வருகிறது. இந்தச் சட்டத்துக்கான காரணங்கள் எனக்கும் புரிகின்றன. பெருந்தொகைகளைக் கண்காணிக்கப் போட்ட வலையில் ஊர் ஆம்புலன்ஸுக்கான சிறுதொகையும் சிக்க வேண்டுமா, குறைந்தபட்ச வரம்பு ஒன்றை வைத்து அதற்குக் கீழே ஓசிஐ அட்டை வைத்திருப்போருக்கு விலக்கு அளித்தாலென்ன என்பதே என் கேள்வி. அதை நான் உரக்கவே கேட்கிறேன்.

ஆனால் அந்தக் கோபத்தில் துளியும் பொருளாளர் மீது இல்லை. அவர் அன்று வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பத்து ரூபாய்க்கு ரசீது எழுதும் கை, யாருக்கும் தெரியாத இடத்திலும் அதே கையாக இருந்தது. நாம் வெளிநாட்டிலிருந்து வரும்போது எதிர்பார்ப்பது வேறு. ஒரு வண்டி வாங்கிக் கொடுத்து, பக்கவாட்டில் அப்பா அம்மா பெயரை எழுதி, சாவி கொடுக்கும் படத்தைக் குடும்பக் குழுவில் அனுப்ப நினைக்கிறோம். அப்படி வந்த வண்டி ஒன்றை இந்தப் பயணத்திலேயே பக்கத்து ஊரில் பார்த்தேன். நன்கொடையாளர் பெயர் பொன்னிற எழுத்தில் இன்னும் மங்காமல் இருக்கிறது. டயர்கள் நான்கும் காற்றிறங்கி, வண்டி மண்ணில் அமர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் வண்டியைக் கொடுத்தார்கள், ஓட்டுநர் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. எட்டு ஆண்டு கடந்த ஊர்தியை ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும்; அதற்கு முன் பெயிண்ட், பிரேக், விளக்கு என்று செலவு வரிசையாக வரும். நள்ளிரவில் அழைத்தால் எழுந்து வர ஓட்டுநர் வேண்டும், அவருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். எங்கள் ஊரார் இதை உணர்ந்து, அன்றைய வசூல் முழுவதும் வண்டி ஓடுவதற்கான செலவுக்கு மட்டுமே என்று கரும்பலகையின் தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள். புதிய வண்டிக்குப் பணம் தர முன்வந்த ஓர் எண்ணெய் ஆலைக்காரரிடம், அதற்குப் பதிலாக மாதாமாதம் டீசல் கணக்கை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பகுதிக்கு இது புதிதும் அன்று. பெருந்துறை மருத்துவக் கல்லூரியே போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் பங்களிப்பில் எழுந்து, பின்னர் அரசு மருத்துவக் கல்லூரியானதுதான். ஓட்டுநரும் நடத்துநரும் சேர்ந்து மருத்துவமனையை எழுப்பிய நாட்டில், மினி பஸ் வாளியில் ஆம்புலன்ஸ் ஓடுவது பொருத்தமே.

நான் முகம் வாடி நின்றதைக் கண்டு பொருளாளரே ஒரு வழி சொன்னார். மைதானத்தின் மறுகோடியில் மகளிர் குழுவினர் கச்சாயம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். "நன்கொடை வேறுங்க, வெலைக்குப் பண்டம் வாங்கறது வேறுங்க. அது அவிய யாவாரம். வர்ற காசுல அவிய குடுக்கறது அவிய இஷ்டம். போட்டிருக்கற வெலைக்குத்தான் வாங்கோணும், மேல ஒத்த ரூபா குடுக்கப்படாதுங்க" என்றார். வெல்லம் சேர்த்த பச்சரிசி மாவைப் பாகு பதத்தில் கரைத்து, கரண்டியால் அள்ளி எண்ணெயில் விட்டதும் ஓரம் சிவந்து உப்பிவரும் அந்தக் கச்சாயத்தை, பெரியப்பா வீட்டிலிருந்து எங்கள் உறவு வீடுகள் அனைத்துக்கும் போதுமான அளவுக்கு வாங்கினேன். மீதிச் சில்லறையை வேண்டாம் என்றபோது, கடையிலிருந்த அம்மிணி, "வாத்தியார் வைவாருங்கண்ணா" என்று என் கையில் திணித்துவிட்டார். மாலையில் அதே மைதானத்தில் வள்ளிக்கும்மி நடந்தது. ஒரே நிறச் சேலை உடுத்திய பெண்கள் ஆசிரியரின் பாட்டுக்கு அடியெடுத்து வைத்தபோது சென்ற தலைமுறையோடு மறைந்துவிடும் என்று நாங்கள் அஞ்சிய கலை இவ்வளவு பேரை ஆட வைக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது.

அறக்கட்டளை இப்போது உள்துறை அமைச்சகப் பதிவுக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிறது. பதிவு பெற மூன்று ஆண்டுகள் செயல்பட்டிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். டீசல் ரசீதுகளையும் சம்பளப் பட்டியலையும் ஆண்டுவாரியாக அடுக்கித் தணிக்கையாளரிடம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, இந்தியக் கடவுச்சீட்டிலேயே இருக்கும் நம்மவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை, கடவுச்சீட்டு நகலைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். குடியுரிமை மாறிய என்னைப் போன்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். உறவினர் பெயரில் எழுதச் சொல்லிப் பொருளாளரை நெருக்காதீர்கள். ஊரில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்: வண்டிக்கு எஃப்.சி. காட்டும் நாள் நெருங்குகிறது, பின் டயர்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். அவர்கள் தங்கள் பணத்தைத் தங்கள் பெயரில் கொடுத்து ரசீது வாங்கட்டும்.