எல்விஎம்3 மாதிரி கிட்: பூஸ்டர் அருமை, கையேட்டில்தான் பிழை

தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஸ்டேஷனரி கடையில் 750 ரூபாய்க்குக் கிடைக்கிற 1:100 எல்விஎம்3 (இஸ்ரோவின் கனரக ராக்கெட்) மாதிரி கிட்டை, பள்ளிக் கண்காட்சிக்குத் தயங்காமல் வாங்கலாம். அளவு சரியாக இருக்கிறது. நிஜ ராக்கெட் 43.5 மீட்டர், இது 43.5 செ.மீ.; இருபுறமும் நின்று ராக்கெட்டைத் தள்ளும் பூஸ்டர் குழாயின் விட்டம் 3.2 செ.மீ., நடுக்குழாய் 4 செ.மீ. பூஸ்டர்கள் காந்தத்தில் நிற்பதால் இழுத்தால் கழன்று வருகின்றன. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். ஒட்டிவைத்த பூஸ்டர் பிள்ளைகள் கண்ணுக்கு அலங்காரத் தூண்தான்.

கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பூஸ்டரும் நடுப்பகுதியும் ஒன்றாகப் பற்றும் என்று அச்சிட்டிருக்கிறார்கள், அது தவறு. தரையில் பற்றுவது இரண்டு எஸ்200 பூஸ்டர்கள் மட்டுமே. புறப்படும்போது ராக்கெட்டின் எடை சுமார் 640 டன். நடுவில் இருக்கும் எல்110 என்ற திரவ எரிபொருள் பகுதியின் இரண்டு விகாஸ் இன்ஜின்களும் சேர்ந்து தருகிற உந்துவிசை சுமார் 160 டன். அதைக்கொண்டு ராக்கெட் மேடையை விட்டு அசையாது. எஸ்200 ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள், அதிகபட்சமாக ஒவ்வொன்றும் 500 டன்னுக்கு மேல் தள்ளும். பற்றவைத்த பிறகு அணைக்க முடியாது.

எல்110 பற்றுவது வானத்தில். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 இந்த ராக்கெட்டில் கிளம்பியபோது 108ஆவது நொடியில் பற்றியது. 127ஆவது நொடியில், 60 கி.மீ. தாண்டிய உயரத்தில் பூஸ்டர்கள் கழன்றன. எரிந்து தீர்ந்த கூட்டையும் சுமந்துகொண்டு போனால் சுற்றுப்பாதைக்குத் தேவையான வேகம் கிடைக்காது. பிள்ளைகள் விளக்கிச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், விளக்க அட்டையில் 108, 127 என்ற இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிவிடுங்கள்.

ஒட்டும் வரிசையிலும் கையேடு சறுக்குகிறது. நடுக்குழாயை முதலில் நிறுத்தினால் பூஸ்டர்கள் ஏற்ற இறக்கமாகி ராக்கெட் சாய்ந்துவிடும். எஸ்200 இரண்டையும் மேடையில் நிறுத்திவிட்டு நடுவே எல்110-ஐ இறக்குங்கள்; ஸ்ரீஹரிகோட்டாவிலும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். அட்டைக்குழாய்க்கு ஃபெவிகால் போதும், ஓர் இரவு காயட்டும். பிளாஸ்டிக் நாசிலில் (அடியில் புகை வெளியேறும் கூம்பு) ஃபெவிக்விக் பட்டால் வெள்ளை பூத்துவிடும், ஊசிமுனையளவு வைத்தால் போதும். ஸ்ப்ரே பெயின்ட்டை ஒரேயடியாக அடித்தால் அட்டை ஊறி உப்பும். மெல்லிசாக இரண்டு மூன்று முறை அடியுங்கள்.

பென்னாகரம், அரூர் என்று பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் பூஸ்டரைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளலாம். உதிரிக் காந்தம் கிட்டில் வராது, நாலு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுமுன் துருவம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் அந்தப் பூஸ்டர் நிற்காமல் விலகி விழும்.