க்ளாக் 30: நான்கு வருடம், 3,400 தோட்டா

க்ளாக் 30 என்கிற இந்த .45 காலிபர் கைத்துப்பாக்கியை 2021 நவம்பரில் வாங்கினேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன மூன்றாவது மாதம். ஒரே துப்பாக்கி, இரண்டு வேலை என்று கணக்கு: சனிக்கிழமை சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்கு ஆச்சு, ராத்திரி வீட்டுக் காவலுக்கும் ஆச்சு. இன்றைக்கு அது ரேஞ்சுக்கு மட்டும்தான் வருகிறது. வீட்டு வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு கொடுத்துவிட்டேன். இத்தனைக்கும் துப்பாக்கியின் மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை.

முதலில் வாங்குகிற கதை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் கடைப் பக்கமே போனேன். எச்-1பி வேலை விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இங்கே கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு, அது தனிக் கதை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதற்குள்தான் வரும். "ஃப்ரெண்டு கூப்பிட்டான், சும்மா பத்து ரவுண்டு" என்று கிளம்புகிற நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. என் விஷயத்தில் கடைக்காரர் துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்புகிற 4473 படிவத்தை நீட்டினார், கிரீன் கார்டில் இருக்கிற ஏலியன் நம்பரையும் டிரைவிங் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார், எஃப்பிஐ பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார். கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் சரி என்று பதில் வந்துவிட்டது. கம்பம் பக்கத்தில் தோப்புக் காவலுக்குப் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் வைத்திருக்கிற என் மாமனாரிடம் போனில் சொன்னேன். லைசென்ஸ் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்து தேய்ந்தவர். "விளையாடாதீங்க மாப்ளே" என்றார்.

ஏன் .45? உண்மையைச் சொன்னால், பெரிய தோட்டா என்றால் பெரிய பாதுகாப்பு என்ற நினைப்புதான். .45 ஏசிபி, துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் உருவாக்கிய தோட்டா. 1911-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட பிஸ்டலோடு சேர்ந்து புகழ் பெற்றது. 1985-ல் ராணுவம் 9 மி.மீ. பெரெட்டாவுக்கு மாறும்வரை அதுதான் அங்கே ராஜா. டெக்சஸில் அந்தப் பக்தி இன்னும் குறையவில்லை. ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்கிற பெரியவர் என் கையில் .45 இருப்பதைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவும் வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளாக் 30 என்பது அந்தப் பெரிய தோட்டாவை ஒரு குட்டி உடம்புக்குள் திணித்த முயற்சி. என்னுடையது நான்காம் தலைமுறை. பேரல் 96 மி.மீ. மேகசினில், அதாவது பிடிக்குள் செருகுகிற தோட்டா உறையில், பத்துத் தோட்டா. முழுக்க நிரப்பினால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நீளத்தையும் உயரத்தையும் குறைத்தார்கள், தடிமனைக் குறைக்க முடியவில்லை. தோட்டாவே 11 மி.மீ.க்கு மேல் குறுக்களவு, அதை இரட்டை வரிசையில் அடுக்கினால் பிடி பருக்காமல் என்ன செய்யும்? முதல் நாள் கையில் எடுத்தபோது அம்மிக் குழவியின் முனையைப் பிடித்த மாதிரி இருந்தது. சுண்டுவிரலுக்குப் பாதி இடம்தான். ஆனால் ஒரு வசதி: பெரிய அண்ணன் க்ளாக் 21-ன் பதின்மூன்று தோட்டா மேகசின் இதிலும் ஏறும். கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க அழகில்லை, ஆனால் கை முழுக்கப் பிடி கிடைக்கும். ரேஞ்சுக்கு நான் கொண்டுபோவது அந்த மேகசின்தான்.

சுடுவது எப்படி இருக்கிறது? எல்லாரும் பயமுறுத்தியது போல இல்லை. .45 தோட்டா 230 கிரெயின், அதாவது சுமார் 15 கிராம். வழக்கமான 9 மி.மீ. தோட்டாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. ஆனால் போகிற வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் எழுகிற அழுத்தமும் 9 மி.மீ.யை விட நன்றாகவே குறைவு. அதனால் அடி சுரீரென்று விழாது. கூட்டமான டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்கிறவர் தோளால் ஒரு நெட்டு நெட்டுவாரே, அந்த மாதிரி. ஐம்பது ரவுண்டுவரை சுகமாகவே இருக்கும். நூறைத் தாண்டினால் கட்டைவிரல் அடிப்பக்கம் கடுக்கும். அதற்கு மேல் சுடுவது பயிற்சி இல்லை, காசைக் கரியாக்குவது.

குறி என்று பார்த்தால், ஏழு கஜத்தில் நிதானமாகச் சுட்டால் பத்துத் தோட்டாவும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும். பதினைந்து கஜத்தில் காப்பி டபராத் தட்டு. இருபத்தைந்தில் தோசைக்கல், அதுவும் கல்யாண வீட்டுத் தோசைக்கல். குட்டி பேரலை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். என்னோடு வருகிற நண்பர் இதே துப்பாக்கியில் அந்த இருபத்தைந்தை இட்லித் தட்டு அளவுக்குச் சுருக்குகிறார். மிச்சம் என் டிரிகர் விரல். கூடவே வந்த, குறி பார்க்கிற பிளாஸ்டிக் சைட்டை ஆறாம் மாதம் கழற்றிவிட்டு இருட்டில் ஒளிர்கிற டிரிடியம் சைட் போட்டேன். நான் செய்த ஒரே மாற்றம் அது. டிரிகரை மாற்று, ஸ்பிரிங்கை மாற்று என்று கிளம்பினால் அதற்கு முடிவே கிடையாது.

செலவு உறுத்தும். நான் வாங்கிய சமயம் கொரோனாத் தட்டுப்பாடு, ஒரு .45 தோட்டா ஒரு டாலர்வரை போயிருந்தது. பிறகு அம்பது அறுபது சென்டுக்கு இறங்கியது. 9 மி.மீ. அதில் பாதி. மாதம் நூறு ரவுண்டு சுடுகிறவனுக்கு இந்த வித்தியாசத்தில் இரண்டு வருடத்தில் இன்னொரு துப்பாக்கியே வந்துவிடும். எங்கள் வீட்டுக்கும் இன்னொன்று வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்னொன்று, க்ளாக் பேரலின் உள்பக்கம் வழக்கமான வரிப்பள்ளம் இல்லாமல் பலகோண வடிவம். அதில் செம்பு உறை இல்லாத வெறும் ஈயத் தோட்டாவைச் சுடக் கூடாது என்று க்ளாக் கம்பெனியே சொல்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டில் வார்த்த ஈயத் தோட்டாவை யாராவது நீட்டினால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3,400 ரவுண்டில் ஏழு முறை நின்றது. அதில் ஐந்து, ஒரு கண்காட்சியில் மலிவாக வாங்கிய மறுசுழற்சித் தோட்டாப் பெட்டி ஒன்றிலேயே நடந்தது. பெட்டியின் மேல் பெயர்கூடச் சரியாக ஒட்டவில்லை, அப்போதே யோசித்திருக்க வேண்டும். மீதி இரண்டும் என் மனைவி சுடும்போது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்த அளவு பிஸ்டலுக்குள் .45-ஐ அடக்க ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகர்கிற மேல்பகுதியை, பின்னால் இழுக்க நல்ல பலம் வேண்டும். அவள் கை சின்னது. அந்தத் தடித்த பிடியைச் சுற்றி விரல் போனால் டிரிகர் எட்டாது, டிரிகர் எட்டினால் பிடி நழுவும். மணிக்கட்டு இறுகாமல் சுட்டால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது. வெற்றுக்கூடு வெளியே பறப்பதற்குப் பதிலாக ஸ்லைடின் வாயில் புகைபோக்கி மாதிரி நெட்டுக்குத்தாக மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் முறையும் அப்படி ஆனதும் துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டுக் காதிலிருந்த மஃப்பைக் கழற்றினாள். "ஏங்க, இது உங்க கைக்கு வாங்கினது. நீங்க வாரா வாரம் டல்லஸ் போறீங்க. நீங்க இல்லாத ராத்திரிக்குத்தானே இது வேணும்?"

எனக்குப் பதில் இல்லை. எந்த விமர்சனத்திலும் நான் படிக்காத கேள்வி அது.

வீடு என்று வந்தால் துப்பாக்கியை விட மற்ற சாமான்கள்தான் அதிகம் கற்றுக்கொடுத்தன. முதலில் பெட்டி. எங்களுக்கு ஏழு வயதில் பையன் இருக்கிறான். பதினேழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி குண்டு நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்தால் டெக்சஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் முதல் பயம். கட்டில் பக்கத்துக்குக் கைரேகைப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஒரு வருடம் நன்றாகவே திறந்தது. 2022 தீபாவளிக்கு இவள் விரல் நுனியெல்லாம் மருதாணி வைத்திருந்தாள். பெட்டி அவளை யாரோ என்று நினைத்துவிட்டது. பத்து நாள், நிறம் மங்கும்வரை, வீட்டுக்காரிக்கே திறக்கவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பேட்டரி இல்லாத, ஐந்து பொத்தான் அழுத்துகிற இயந்திரப் பூட்டுப் பெட்டி வாங்கினோம். மாதம் ஒருமுறை இருட்டில் கண்ணை மூடித் திறந்து பார்ப்போம்.

அப்புறம் சுவர். ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல். இங்கே மரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். 9 மி.மீ. ஆனாலும் .45 ஆனாலும் தவறிய தோட்டா இரண்டு மூன்று அறைகளைத் தாண்டிப் போகும். பேப்பரில் வரைபடம் போட்டுப் பார்த்தோம். எங்கள் படுக்கை அறை வாசலிலிருந்து கூடத்தை நோக்கி நின்றால் நேர் எதிரே பையனின் கட்டில். உடம்பில் பட்டால் விரிந்து வேகம் குறைகிற குழிமுனைத் தோட்டாதான் வீட்டுக்கு என்று எல்லாரும் சொல்வது சரிதான். ஆனால் அதுவும் வெறும் சுவரில் பட்டால் நிற்காது. குட்டி பேரலில் வேகம் குறைவதால் சில வகைத் தோட்டா சரியாக விரிவதும் இல்லை. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டேன்.

இனி சொல்வதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். 2023 ஜூனில் கம்பத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். வந்த மூன்றாம் நாள், விடிகாலை மூன்று மணி. பின்கதவு திறந்தால் பேனலில் ஒரு மணி அடிக்கும், அது அடித்தது. பொத்தான்களை அழுத்தினேன், பெட்டி திறந்தது, துப்பாக்கி கையில். எத்தனையோ முறை ஒத்திகை பார்த்ததால் எல்லாம் ஐந்து நொடி. கூடத்துக்கு வந்துவிட்டேன். குழாய் தரையைப் பார்த்து இருந்தது, விரல் டிரிகரில் இல்லை, அந்த மட்டும் பழக்கம் காப்பாற்றியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு உருவம். அப்போது ஒரு செருமல் கேட்டது. காலையில் வெற்றிலை போடுவதற்கு முன் மாமா செருமுவாரே, அது. நேர மாற்றத்தில் தூக்கம் வராமல் தோட்டத்து நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

திரும்பி வந்து துப்பாக்கியை வைத்துப் பூட்டும்போது நாலாவது பொத்தானில் விரல் நிற்கவில்லை, அப்படி நடுங்கியது. ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெட்டியின் மேல் ஒரு டார்ச் லைட் இருக்கிறது. துப்பாக்கியில் மாட்டுகிற லைட் இல்லை. அதைப் பாய்ச்சி ஆளைப் பார்ப்பது என்றால் துப்பாக்கியையே அவர் மேல் நீட்டுவது என்று அர்த்தம். தனி டார்ச்தான். சத்தம் கேட்டால் முதலில் குரல் கொடுப்பது, அடுத்து வீட்டில் இருக்கிற தலைகளை எண்ணுவது, பையனை எங்கள் அறைக்குள் கொண்டுவந்து கதவைப் பூட்டுவது, 911-ஐக் கூப்பிடுவது. பெட்டியைத் திறப்பது இதற்கெல்லாம் பிறகு.

போன வருடம் அவள் ரேஞ்சில் நாலைந்து துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, க்ளாக் 19-ஐத் தேர்ந்தெடுத்தாள். 9 மி.மீ., பதினைந்து தோட்டா, ஸ்லைடு அவள் கைக்கு மசிகிறது. முதல் நாளே ஏழு கஜத்தில் என்னை விட நெருக்கமாகச் சுட்டாள். அதுதான் இப்போது கட்டில் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது. எஃப்பிஐயே .40 காலிபர் தோட்டாவை விட்டுவிட்டு 9 மி.மீ.க்குத் திரும்பியது என்று ரேஞ்சுப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் காது மஃப்பைச் சரிசெய்துகொண்டார். 30 பெரிய அலமாரியில் தூங்குகிறது, சனிக்கிழமை எழும்.

பராமரிப்பு பற்றி இரண்டு வரி. சுத்தம் செய்யக் கழற்றும்போது க்ளாக்கில் டிரிகரை இழுத்தாக வேண்டும். அதனால் மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு அப்புறம்தான். ஸ்பிரிங்கை 2,500 ரவுண்டு ஆனதும் மாற்றினேன். ரேஞ்சிலிருந்து வந்தால் கையை ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பையனைத் தூக்குவதில்லை.

மாமா ஊருக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை ரேஞ்சுக்கு வந்தார். விசிட்டர் விசா, அதனால் சுடக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். "எலெக்‌ஷன் வந்தா எங்க துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுக்கணும் மாப்ளே. இங்க?" என்று கேட்டார். இங்கே அப்படி இல்லை என்றேன். கிளம்பும்போது தரையில் உருண்டு கிடந்த ஒரு .45 வெற்றுக்கூட்டை எடுத்து, ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தோப்பில் காட்டுவதற்காம். பெட்டி கட்டும்போது அவர் மகள், என் மனைவி, கண்ணில் பட்டுவிட்டது. ஏர்போர்ட்டில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது என்று பிடுங்கி வைத்துவிட்டாள். இப்போதும் பூஜை அறை அலமாரியில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.