1,850 ரூபாய்க்கு ஆறு பாகம்: ஆத்தங்குடிக் கல்லைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்

ஆன்லைனில் பழைய புத்தகம் விற்றவர்கள் நேற்றுச் சாயங்காலம்தான் என்னை பிளாக் செய்தார்கள். சூட்டோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் கேட்டாளே என்று 'சிட்டி ஆஃப் போன்ஸ்' என்று தொடங்கும் ஆங்கில நாவல் வரிசையைத் தேடினேன். காசாண்ட்ரா கிளேர் எழுதியது. 2007இல் தொடங்கி 2014இல் முடிந்த ஆறு பாகம். காரைக்குடியில் கேட்ட இரண்டு கடையிலும் இல்லை. பழைய புத்தகம் விற்கும் ஓர் ஆன்லைன் பக்கத்தில் ஆறும் சேர்த்து 1,850 ரூபாய் என்று போட்டிருந்தது.

எந்த ஊர் என்று கேட்டேன். "நம்ம பக்கந்தான் ஆச்சி, தேவகோட்டை" என்று பதில். அடுத்த நிமிஷமே ஒரு வீடியோ. எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் தரையில் ஆறு புத்தகமும் வரிசையாக. சிவப்பும் பச்சையுமாகப் பூ, ஓரத்தில் மஞ்சள் பட்டை. எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) அச்சு அசலாக அதே கல். 1,850ஐயும் அனுப்பிவிட்டேன். புத்தகத்தை எங்கே பார்த்தேன், தரையைத்தானே பார்த்தேன்!

வந்தது நாலு. அதிலும் மூன்றாம் பாகம் இரண்டு. அட்டை மங்கல்; தாளில் பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. சரி, முதல் பாகமாவது இருக்கிறதே என்று நானே உட்கார்ந்தேன். நியூயார்க்கில் கிளாரி என்ற பெண்ணின் கண்ணுக்கு மட்டும் பேய் வேட்டைக்காரர்கள் தெரிகிறார்கள். வெளியாருக்கு இடிந்த தேவாலயமாகத் தோன்றுவது உள்ளே அவர்கள் குடியிருக்கும் இடம். பூட்டிக் கிடக்கும் நம்மூர் வீடுகளைத் தாண்டும்போது சின்ன வயதில் நானும் இப்படித்தான் என்னென்னவோ நினைப்பேன், அதனால் பிடித்துப்போனது. ஆனால் ஜேஸ் என்ற பையனின் குத்தல் பேச்சும், யாருக்கு யார்மேல் ஆசை என்ற இழுவையும் தாங்கவில்லை. மூடிவிடலாமா என்று 192ஆம் பக்கத்தைத் திருப்பினால் 225! முழுசாக 32 பக்கம் காணோம்; அச்சுக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால் இரண்டு பாரம். அப்புறமும் விடாமல் படித்தேன். பெற்ற அம்மாவே மகளின் நினைவை மறைத்து வைத்தது சரியா தப்பா என்று இன்னும் மனசுக்குள் ஓடுகிறது.

கேட்டதற்கு முதலில் "அச்சகத்துத் தப்பு ஆச்சி" என்றார்கள். அப்புறம் "கூரியர்ல கேளுங்க மேடம்". அப்புறம் "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" கடைசியில், பணம் திரும்ப வரும் என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்தால் பின் நம்பர் கேட்கிறது. மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள், இல்லையென்றால் இன்னொரு 1,850 போயிருக்கும். ஏன் பின் கேட்கிறது என்றேன். பிளாக்.

பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பண மோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல, 1,850 போனது போனதுதான்.

காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது முதல் பாகம் நல்ல பிரதி இருந்தால் இரண்டு நாள் இரவல் கொடுங்கள். அந்த 32 பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தருகிறேன்.